மனத்துக்கு மருந்து தேடிய சிதம்பரனார்

நம் சங்கத்துப் படிப்பகத்தை நாடி வரும் அன்பர்கள் அண்மைக்காலத்தில் ஒருவகை நூல்களையே மிகுதியும் கேட்கின்றனர். பரீட்சையில் தவறிய மகனுக்கு ஊக்கம் தரத்தக்க நூல் எது, கணவனை இழந்து வாய்திறவாதிருக்கும் தங்கைக்கு எதனைப் படிக்கக் கொடுக்கலாம், இரவெல்லாம் உறக்கமின்றி வருந்தும் தமக்கே ஆறுதலளிக்கும் ஏடு ஏதேனும் உண்டோ என்றெல்லாம் வினவுகின்றனர். தன்முன்னேற்ற நூல்கள் என்னும் பெயரால் இவ்வகைப் புத்தகங்கள் கடைகளிலே மலைபோற் குவிந்து கிடக்கின்றன. அவற்றுள் பதரை நீக்கி மணியைப் பொறுக்குவதே அரிதாயிருக்கின்றது. பட்டியல் ஒன்றை எழுதிக் கொடுப்பது எளிது. அதனினும், இத்தகைய நூலொன்றைத் தம் கொடுந்துன்பத்தின் நடுவே கைக்கொண்டு, தம்மேல் அதனைச் சோதித்துப் பார்த்து, பிறகு தமிழருக்கு வழங்கிய ஒரு பெரியாரின் வரலாற்றை எடுத்துரைப்பது நம் குடும்பத்தார்க்கு மிகுந்த பயன் தருமென்று நாம் கருதுகின்றோம்.

கப்பலோட்டிய தமிழரென்றும் செக்கிழுத்த செம்மலென்றும் நம் சிறுவர் பாடப்புத்தகத்திற் படிக்கும் வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்களே அப்பெரியார். அவருடைய கப்பலை அறியாதார் தமிழ்நாட்டில் இல்லை; செக்கை அறியாதாரும் இல்லை. ஆயினும், ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கிலேயர் இயற்றிய நூல்கள் நான்கினை அவர் தமிழாக்கினார் என்பதும், அப்பணி சிறைக்கூடத்திலே தொடங்கிற்று என்பதும் நம்மவரிற் பலர்க்குத் தெரியா.

திருநெல்வேலிச் சீமையிலே ஓட்டப்பிடாரம் என்னும் ஊரில், உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மாளுக்கும் புதல்வராக, 1872-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 5-ஆம் நாள் சிதம்பரனார் பிறந்தார். தந்தையார் வக்கீல், மகனும் 1894-ல் பிளீடர் பரீட்சையில் தேறி அத்தொழிலையே மேற்கொண்டார். முதல் மனைவியார் வள்ளியம்மை. அவ்வம்மையாரைக் குறித்து ஒரு செய்தி உண்டு. சாதிச் சங்கத்தின் ஏடாகிய இதனில் அதனைச் சொல்லாது விடுதல் நேர்மையன்று. இராமையா தேசிகர் என்னும் பார்வையற்ற துறவி ஒருவரைச் சிதம்பரனார் தம் இல்லத்தில் வைத்துப் போற்றினார். அத்துறவியின் குலத்தைக் காட்டி உற்றார் உறவினர் முணுமுணுத்தனர். கணவர் தயங்கிக் கேட்டபொழுது, வள்ளியம்மையார் அம்முணுமுணுப்பைப் பொருட்படுத்தாது தம் கையாலேயே அத்துறவிக்கு அன்னமிட்டு வந்தார். அவர் 1901-ல் காலமானார். பின்னர்ச் சிதம்பரனார் மீனாட்சி அம்மையாரை மணந்தார். நம்மவர் என்று அவரை உரிமை கொண்டாட விரும்புவோர், அவ்வீட்டிலே யாருக்கு இலை போடப்பட்டது என்பதையும் உடன் நினைத்தல் வேண்டும்.

அவர் 1900-ல் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்ததும், 1906-ல் சுதேசிக் கப்பற் கம்பெனியைத் தொடங்கியதும், காலியா, லாவோ என்னும் இரண்டு கப்பல்களைத் தருவித்துக் கொழும்புக்கு ஓட்டியதும், 1908-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கோரல் ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்திற்குத் துணைநின்று வெற்றி தேடிக் கொடுத்ததும் யாவரும் அறிந்தவை, ஆதலின் விரிக்கவில்லை. அவ்வாண்டு மார்ச்சு மாதம் 12-ஆம் நாள் சுப்பிரமணிய சிவா முதலியோருடன் அவர் சிறைப்படுத்தப்பட்டார். ஜூலை 7-ஆம் நாள் பின்ஹே என்னும் நீதிபதி தீர்ப்புச் சொன்னார். அரசநிந்தனைக்கு இருபதாண்டு, சிவாவுக்கு உடந்தையாயிருந்ததற்கு இருபதாண்டு, ஆக இரட்டை ஆயுள் தண்டனை என்பது அத்தீர்ப்பு. சிதம்பரனாருக்கு அப்பொழுது முப்பத்தாறு வயதும் நிரம்பவில்லை.

அத்தீர்ப்பு இருவரைத் தாக்கிற்று. ஒருவர் சிறை சென்றார். மற்றவர் அவருடைய தம்பி மீனாட்சிசுந்தரம். தமையனாருக்குக் கிடைத்த தண்டனையைக் கேட்ட அதிர்ச்சியில் அவருக்குச் சித்தம் கலங்கிற்று. கலங்கிய சித்தம் பின்னர்த் தெளியவேயில்லை. ஒரே வீட்டிலே, ஒரே இடியினால், ஒருவர் மனம் முறிந்தது, மற்றவர் மனம் வளைந்து நிமிர்ந்தது. இவ்விருவரையும் சேர்த்தே நோக்கினாலன்றிச் சிதம்பரனாரின் நூற்பணி நமக்கு முழுதும் விளங்காது. நூல்களைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் நிமிர்ந்தவரை மட்டுமே காட்டுவர்.

ஜூலை மாதத்திலேயே அவரைக் கோயம்புத்தூர்ச் சிறைக்குக் கொண்டுபோயினர். அக்காலத்தில் அரசியற் கைதி என்னும் தனிமதிப்பு அவருக்குக் கொடுக்கப்படவில்லை. திருடரும் கொலைஞரும் செய்யும் வேலைகளையே அவரும் செய்தார். சணல் கிழிக்கும் எந்திரத்தைச் சுற்றியதில் உள்ளங்கைத் தோல் உரிந்து இரத்தம் கசிந்தது. பிறகு எண்ணெய்ச் செக்கிலே மாட்டுக்குப் பதிலாக அவரைப் பூட்டினர். வெளியே கம்பெனி சிதைந்துகொண்டிருந்தது, இல்லத்திலே இளங்குழந்தைகள், தம்பியின் நிலையோ மேற்சொன்னவாறு. மேல்முறையீட்டில் தண்டனை ஆறாண்டாகக் குறைந்தது என்பது உண்மையே. ஆனால் அது குறையுமென்று செக்கிழுத்த முதல் நாட்களிலே அவருக்கு யார் உறுதி கூறினர்? நாற்பதாண்டு என்னும் எண்ணை மனத்தில் சுமந்துகொண்டே அவர் அந்நாட்களைக் கழித்தார்.

அச்சிறையில் இருந்த காலத்திலேதான் அவர் ஜேம்ஸ் ஆலனின் சிறு நூலொன்றைத் தமிழ்ப்படுத்தினார். ஆலனைப் பற்றி இங்கே சில சொல்லவேண்டும். அவர் 1864-ல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரிற் பிறந்தவர். தொழில் நொடித்தமையால் தந்தையார் பிழைப்புத் தேடி அமெரிக்கா சென்று, சென்ற சில நாட்களுக்குள்ளேயே கொள்ளையிடப்பட்டு மாண்டார். பதினைந்து வயதிலே பள்ளியை விட்டு வேலைக்குச் சென்ற சிறுவன் ஆலன், குடும்பபாரத்தைச் சுமந்தபடியே ஓய்வுநேரத்தில் நூல்களைப் பயின்றார். டால்ஸ்டாயின் எழுத்துக்களும், பகவத்கீதையும், புத்தர் வரலாறு கூறும் நூலும் அவரைக் கவர்ந்தவை. பின்னர்க் கடற்கரை ஊராகிய இல்பிரகூமிலே எளிய வாழ்க்கை நடத்தி நூல்கள் எழுதி, 1912-ல், நாற்பத்தேழு வயதிலே மறைந்தார். சிதம்பரனார் விடுதலை பெற்றதும் அதே ஆண்டுதான். இருவரும் ஒருவரையொருவர் கண்டவரல்லர்.

ஆலன் 1903-ல் வெளியிட்ட அச்சிறு நூல் ஏழே அதிகாரங்கள் உடையது. ஒரு மாலைப்பொழுதிலே படித்து முடிக்கலாம். மனம் ஒரு தோட்டம் போன்றது; பயிரிடுவோன் பயிரிடினும் இடாவிடினும் அதில் ஏதேனும் முளைத்தே தீரும்; ஆதலால் களைபறித்து நல்ல வித்திடுதல் மனிதன் கையில் உள்ளது என்பது அதன் சாரம். எண்ணத்துக்கும் ஒழுக்கத்துக்கும், எண்ணத்துக்கும் உடல்நலத்துக்கும், எண்ணத்துக்கும் நோக்கத்துக்கும் உள்ள தொடர்பை அது ஒவ்வொன்றாக எடுத்துரைத்து, மனச்சாந்தியிலே கொண்டுபோய் முடிக்கின்றது. கைகள் செக்குலக்கைக்கு உரியனவாகிவிட்ட ஒருவருக்கு, மனமேனும் தமக்குரியதாகவே இருக்கின்றது என்னும் செய்தி எவ்வளவு வேண்டியதாயிருந்திருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். சிதம்பரனார் அதற்கு மனம்போல வாழ்வு என்று பெயரிட்டார். 1909-ல் அது அச்சாயிற்று.

இங்கே அவர் செய்ததை உற்றுநோக்க வேண்டும். அவர் அந்நூலைப் படித்ததோடு நில்லாது மொழிபெயர்த்தார். மொழிபெயர்ப்பவன் ஒரு வாக்கியத்தையும் விழுங்கிவிட்டுப் போக முடியாது. ஒவ்வொரு சொல்லின் முன்னும் நின்று, இதன் பொருள் யாது, இது மெய்யா, இதனை என் மொழியில் எப்படிச் சொல்வது என்று கேட்டே ஆகவேண்டும். இக்காலத்து அன்பர்கள் வாரத்துக்கு ஒன்றாக இத்தகைய நூல்களை வாங்கி, பத்துப்பக்கம் புரட்டிவிட்டு அடுத்ததற்குத் தாவுவதைக் காண்கின்றோம். சிதம்பரனாரோ ஓராசிரியரைப் பற்றிக்கொண்டு ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் அவரை விடவில்லை. மற்றொன்று, அவர் அயல்நாட்டு நூலைத் தனியே நிற்கவிடவுமில்லை. சிறுவயது முதல் தாம் பயின்ற திருக்குறளையும் பிற அறநூல்களையும் அதற்குத் துணையாக வைத்துக்கொண்டார்.

1910-ஆம் ஆண்டு இறுதியில் அவரைக் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றினர். அங்கே உடனிருந்த கைதிகளுக்கு அவர் அறநூல்களைக் கற்பித்தார். அவர்களுக்குப் பயன்படுமாறு திருக்குறளின் வழிநின்று மெய்யறம் என்னும் நூலை இயற்றினார். மாணவர், இல்வாழ்வார், அரசர், அந்தணர், மெய்யுணர்ந்தோர் ஆகியோர்க்குரிய ஐந்து இயல்களும், அதிகாரத்துக்குப் பத்து அடியாக 125 அதிகாரங்களும் கொண்டது அது. மெய்யறிவு என்னும் வெண்பா நூலும் சிறைவாழ்க்கையின் விளைவே. அதிலே உடம்பை வளர்த்தலைப் பற்றி ஓர் அதிகாரமும், மனத்தை ஆளுதலைப் பற்றி ஓர் அதிகாரமும் அடுத்தடுத்து வைத்திருக்கின்றார். உடம்பை மறந்து மனத்தை மட்டும் பேசுகின்ற இக்கால நூலாசிரியர் சிலர் இவ்வரிசையைக் கவனிப்பார்களாக. சிறையதிகாரிகளின் பார்வையில் ஓர் எண்ணாக இருந்தவர், கைதிகளின் பார்வையில் ஆசிரியரானார். தமக்கு மட்டும் ஆறுதல் தேடியிருப்பாராயின் இவ்வளவு வலிமை அவருக்கு வந்திருக்குமோ என்பது நமக்கு ஐயமே.

இதுவரை புகழ்ந்தோம். இனி ஒரு குறையையும் சொல்லுதல் கடமையாகும். மனிதனுடைய சூழ்நிலையெல்லாம் அவனவன் எண்ணத்தின் விளைவே என்று ஆலனின் நூல் ஓரிடத்தில் மிக வன்மையாகக் கூறுகின்றது. இதனை அப்படியே கொள்வதாயின், சிதம்பரனாரைச் செக்கிலே பூட்டியது அவருடைய தீய எண்ணம் என்றாகிவிடும்! அவரைப் பூட்டியது அந்நிய அரசும் அதன் அரசநிந்தனைச் சட்டமுமே என்பதைக் குழந்தையும் அறியும். தம்பி மீனாட்சிசுந்தரத்தின் சித்தம் கலங்கியதும் அவர் களைபறிக்கத் தவறியதாலன்று. துயரத்தால் நொந்து கிடப்பவரிடம், உன் துயருக்கு உன் எண்ணமே காரணம் என்று சொல்லும் புத்தகத்தை நீட்டுதல், புண்ணில் உப்பிடுவதற்கு ஒப்பாகும். நூலைக் கொடுப்பவர் இவ்வேறுபாட்டை அறிந்து கொடுத்தல் வேண்டும். தளர்ந்த மனத்துக்கு நூல் கோல். முறிந்த காலுக்குக் கோல் மட்டும் போதாது, கட்டுப்போடும் வைத்தியர் வேண்டும். மீனாட்சிசுந்தரம் நோயுற்ற காலத்தில் சென்னைக் கீழ்ப்பாக்கத்து மருத்துவமனை போன்ற சில இடங்களே இருந்தன. அங்கும் நோயாளரை அடைத்து வைத்தலே பெருவழக்கு. இக்காலத்திலோ மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநல வைத்தியம் கிடைக்கின்றது. 14416 என்னும் எண்ணில் அழைத்தால் கட்டணமின்றி ஆலோசனை கூறும் டெலிமானஸ் என்னும் அரசுத் திட்டமும் 2022 முதல் நடந்துவருகின்றது. இங்கிலாந்திலே 2013 முதல், மனநலம் பேணும் நூல்களை வல்லுநர் ஆராய்ந்து பட்டியலிட, மருத்துவர் அவற்றைப் பரிந்துரைக்க, மக்கள் பொதுநூலகத்தில் இரவல் வாங்கிப் படிக்கும் ஏற்பாடு ஒன்று இருக்கின்றது. வைத்தியருக்கும் நூலுக்கும் பகையில்லை என்பதற்கு அது சான்று. நம் குடும்பங்களில் மட்டும், பெண் கொடுக்கல் வாங்கல் தடைப்படுமே என்று அஞ்சி, நோயை மறைத்துப் புத்தகத்தையும் தாயத்தையும் கொடுத்துக்கொண்டிருக்கின்றோம்.

சிதம்பரனார் 1912 டிசம்பரில் விடுதலை பெற்றார். அவரை வழியனுப்ப ஆயிரக்கணக்கில் திரண்ட நாடு, வரவேற்க வரவில்லை. கம்பெனி மறைந்துபோயிற்று. தண்டனை பெற்றவராதலின் வக்கீல் சன்னதும் பறிபோயிற்று. மனைவி மக்களுடன் சென்னைக்கு வந்து, சிந்தாதிரிப்பேட்டை, மயிலாப்பூர், பெரம்பூர் என்று வீடு மாறி மாறிக் குடியிருந்து, சிறு வியாபாரங்கள் செய்து பார்த்தார், அவை நிலைக்கவில்லை. முன்னாளிலே பிறர்க்கு வாரிக் கொடுத்த கை அது.

மனம்போல வாழ்வு என்னும் கொள்கைக்கு மெய்யான சோதனை சிறையிலன்று, இங்கேதான் வந்தது என்று நாம் கருதுகின்றோம். சிறையிலே பகைவன் எதிரே நிற்கின்றான். அவன்மேலுள்ள சீற்றமே மனத்துக்கு ஒரு தூண். வெளியே வந்தபின்னரோ பகைவன் இல்லை. மறதி ஒன்றே இருந்தது. அதனை எதிர்த்து யாரோடு போராடுவது? அந்நாட்களில் அவர் என்ன செய்தார் என்பதை ஆண்டுகளே காட்டுகின்றன. 1914-ல் ஆலனின் மற்றொரு நூலை அகமே புறம் என்னும் பெயரால் வெளியிட்டார். மெய்யறத்தையும் அவ்வாண்டிலேயே அச்சேற்றினார். 1915-ல் மெய்யறிவும் பாடற்றிரட்டும் வெளிவந்தன. 1916-ல் வலிமைக்கு மார்க்கம் வந்தது. 1917-ல் திருக்குறள் அறத்துப்பாலுக்கு மணக்குடவர் எழுதிய பழைய உரையைப் பதிப்பித்தார்.

இவற்றுள் வலிமைக்கு மார்க்கம் வெளிவந்த ஆண்டைச் சற்றே நின்று நோக்குவோம். தென்னாப்பிரிக்காவிலிருந்த இந்தியர் அவர்பொருட்டுத் திரட்டிய சிறு தொகையொன்று காந்தியடிகள் வழியாக வரவேண்டியிருந்தது. வறுமையினால் அதனை நினைவூட்டி 1915-ஆம் ஆண்டு முதலே கடிதம் மேல் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். 1916-ல்தான் தொகை கைக்கு வந்தது. 347 ரூபாய் 12 அணா! வறுமையிலிருந்து வலிமைக்குச் செல்லும் வழியைக் கூறும் நூலை அச்சிட்ட கைகளே அக்கடிதங்களையும் எழுதின. இதனைக் கண்டு நகைப்பாரும் இருக்கலாம். நமக்கு நகைப்பு வரவில்லை. அந்நூல் செல்வம் தருமென்று நம்பி அவர் அதனை மொழிபெயர்த்திருப்பாராயின், முதற்பதிப்போடே ஆலனை அடுப்பிலிட்டிருப்பார். அவர் அதனிடம் கேட்டது வேறொன்று. கடன்காரன் வாயிலில் நிற்கும் பொழுதும் உள்ளே அமர்ந்து ஒரு பழைய உரையைச் செப்பஞ்செய்யத்தக்க நெஞ்சுறுதியைக் கேட்டார். அது அவருக்குக் கிடைத்தது. பணம் பெருகுமென்றும் முப்பது நாளில் வெற்றியென்றும் அட்டையில் அச்சிட்டு விற்கும் நூல்களுக்கும், அவர் எடுத்த நூலுக்கும், அவர் எடுத்த விதத்துக்கும் உள்ள தூரம் இதுவே.

பின்னர், வாலேசு என்னும் ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் வக்கீல் சன்னது மீண்டது. அந்நன்றியை மறவாது தம் மகன் ஒருவனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். ஆங்கிலேயர் ஆட்சியால் அழிந்தவர், ஆங்கிலேயர் ஒருவர் பெயரைத் தம் மகனுக்கு இட்டு அழைத்தமை, அவர் மனத்தில் களை எவ்வளவு குறைவு என்பதைக் காட்டும். கோவிற்பட்டியிலே சில ஆண்டுகள் வழக்குரைத்து, 1932-ல் மீண்டும் தூத்துக்குடிக்கே வந்து சேர்ந்தார். தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையைப் பதிப்பிக்கும் பெரும்பணியும் இவ்வாண்டுகளிலே நடந்தது.

1901-ல் ஆலன் வெளியிட்ட முதல் நூல் இரண்டு பாகங்களை உடையது. அதன் முற்பாகமே வலிமைக்கு மார்க்கம் என்று 1916-ல் தமிழாயிற்று. பிற்பாகத்தைச் சிதம்பரனார் உடனே வெளியிடவில்லை. பதினெட்டு ஆண்டுகள் கழிந்தபின், அறுபது வயதைக் கடந்து, 1934-ல் சாந்திக்கு மார்க்கம் என்னும் பெயரால் வெளியிட்டார். அடுத்த ஆண்டு சிவஞானபோதத்துக்குத் தாம் எழுதிய உரையை வெளியிட்டார். பிறகு நோய்வாய்ப்பட்டார். இன்னின்ன இடத்தில் இவ்வளவு கடன் உண்டென்று குறித்து உயில் எழுதிவைத்தார். 1936-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 18-ஆம் நாள், தூத்துக்குடியிலே, தமது அறுபத்து நான்காம் வயதில் உயிர் நீத்தார்.

அவருடைய நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டமையால் பதிப்பகத்தார் பலர் அவற்றை வெளியிட்டுள்ளனர். நான்கு மொழிபெயர்ப்புகளையும் ஒருசேர வாங்கவேண்டுவதில்லை. மனம்போல வாழ்வு ஒன்றே தொடங்குவதற்குப் போதும். நடை சற்றே பழையதாதலின் இளைஞர்க்கு முதற்பக்கங்கள் கடினமாகத் தோன்றலாம். வீட்டில் மூத்தோர் ஒருவர் உரக்கப் படிக்க, ஏனையோர் கேட்பது நன்று. துயருற்ற ஒருவருக்காக எடுப்பவர்கள், சூழ்நிலையைப் பற்றிய இரண்டாம் அதிகாரத்தை இப்போதைக்கு விடுத்து, சாந்தியைக் கூறும் ஏழாம் அதிகாரத்தினின்று தொடங்குவார்களாக.